கப்பலிலா, வீட்டிலா?



இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் குழந்தை உங்கள் இல்லத்தில் உண்டா? கூரையின் மேல் யானை நடந்ததாகவும், கிணற்றுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடப்பதாகவும், தலையணை உறைக்குள் ஒருவர் குடியிருப்பதாகவும் கண் இமைக்காமல் சொல்லும் மழலைகள் நம் வீடுகளில் ஏராளம். அதைக் கேட்டு மகிழ்கிறவர்களும் இருக்கிறார்கள். 'இந்த வயதிலேயே இத்தனை பொய்யா?' என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, அத்தகைய மகன் ஒருவனோடு ஏழாண்டுகளாக வாழ்ந்துவரும் தகப்பன் என்ற முறையில் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் அறிஞனல்லன், தையற்காரன். கத்தரிக்கோலும் அளவு நாடாவும் பிடித்துப் பழகிய கை இன்று பேனாவைப் பிடித்திருக்கிறது. எழுத்தில் தையல் சற்றுக் கோணினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டின் முன்னறையே என் கடை. எங்களூர் வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில் வாழ்கிறவன். உள்ளே என் மாமியும் மனைவியும்; வெளியே நானும் என் மிஷினும். இவ்விரண்டுக்கும் இடையில் நாளெல்லாம் போய் வருவது என் மகன். காலையில் மதரஸாவில் ஓதிவிட்டு வந்து பள்ளிக்கூடம் போவான். மாலையில் திரும்பியதும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, காலால் மிதிக்கும் என் பழைய தையல் மிஷினின் அடியில் வந்து உட்கார்ந்துவிடுவான். மஃரிபு பாங்கு சொல்லும் வரை அதுவே அவன் நாடு. வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகள், காலி நூல்கண்டுகள், உடைந்த பாபின்கள் ஆகியவையே அந்நாட்டின் செல்வம். என் இரண்டு பாதங்களும் அந்நாட்டின் எல்லை மலைகள். மிதிப்பதை நான் நிறுத்தினால், "மலை தூங்கிட்டு" என்று கீழிருந்து அறிவிப்பு வரும்.

மூன்று வயதிலேயே இது தொடங்கிவிட்டது. பட்டன் டப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கோட்டுக்குத் தைக்கும் பெரிய கறுப்புப் பட்டன்தான் வாப்பா, முத்துப் பட்டன் உம்மா, சட்டைப் பட்டன்களெல்லாம் பிள்ளைகள் என்று குடும்பம் நடத்துவான். துளை உடைந்த பட்டன் ஒன்று எப்போதும் நோயாளி. அதற்குத் துணிக்கட்டிலும் போர்வையும் உண்டு. பட்டன் தைப்பதற்கு அந்த டப்பாவில் நான் கையை விட்டால், யாரை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை வெளியூர் அனுப்புவதென்றால் சொல்லாமல் செய்யலாமா?

இவையெல்லாம் என் மகனுக்கு மட்டும் உரிய அதிசயங்கள் அல்ல. குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் 'பாவனை' விளையாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். வெறும் கோப்பையைத் தூக்கித் தேநீர் குடிப்பார்கள். லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) என்ற ரஷ்ய உளவியல் அறிஞர் இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். ஒரு கம்பைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை, கண்ணால் காணும் பொருளையும் மனத்தால் காணும் பொருளையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது என்பது அவருடைய விளக்கம். கைக்குக் கம்பு, கருத்துக்குக் குதிரை. இந்தப் பிரிவினை தெரிந்த பிறகே எழுத்தும் எண்ணும் மனிதனுக்கு வசப்படுகின்றன. காகிதத்தில் உள்ள கோட்டைக் கண்டு அதை 'அ' என்று ஒலிப்பதும் ஒருவகைப் பாவனைதானே!

அமெரிக்க உளவியலாளர் மார்ஜொரி டெய்லரும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த குழந்தைகளில், ஏழு வயதுக்குள் ஏதேனும் ஒரு காலத்தில் கற்பனைத் தோழர் ஒருவரை வைத்திருந்தவர்கள் 100-க்கு 65 பேர். உயிருள்ளதாகப் பாவித்துப் பழகிய பொம்மைகளும் இக்கணக்கில் அடங்கும். எனவே, பார்க்க முடியாத ஒருவருக்காக உங்கள் பிள்ளை சோற்றில் ஒரு கவளம் எடுத்து வைத்தால் திகைக்காதீர்கள். அந்தப் பிள்ளை பெரும்பான்மையோரில் ஒருவர்.

எங்கள் வீட்டுக் கற்பனைத் தோழர் வந்தது ஒரு பெருமழைக்குப் பின்னர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் பெய்த மழையைத் தென்மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் இம்மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறக்குறைய 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின. எங்கள் தெருவில் புகுந்த நீர் படியேறி முன்னறைக்குள் வந்தது. மாமியைத் தாங்கி மாடியறைக்கு ஏற்றிவிட்டு, துணிக் கட்டுகளில் எட்டியவற்றை மேலே கொண்டு சேர்த்தேன். மீதி நனைந்தன. என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. மாடிப்படியின் நடுவில் நின்று, கைவிளக்கின் ஒளியில் கீழே பார்த்தான். மிஷினின் மிதிப் பலகை நீருக்குள் மறைந்துவிட்டிருந்தது. சக்கரம் பாதி முழுகி நின்றது. அவன் அழவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

நீர் வடிந்தது. சேற்றைக் கழுவினோம், மிஷினைக் கழற்றி எண்ணெயிட்டு மீண்டும் பூட்டினேன். ஊர் மெல்ல எழுந்தது. ஆனால் என் மகனின் உறக்கம் திரும்பவில்லை. மேகம் திரண்டாலே உள்ளே ஓடிப்போய்த் தன் உம்மாவின் முந்தானையைப் பற்றிக்கொள்வான். இரவில் இருமுறை மும்முறை எழுந்து, "வாப்பா, படி எத்தனை தெரியுது?" என்று கேட்பான். நான் விளக்கைப் போட்டு, எல்லாப் படிகளும் தெரிகின்றன என்று காட்டிய பிறகே படுப்பான். பகலில் அதைப் பற்றி நாங்கள் பேச்செடுத்தால் காதைப் பொத்திக்கொள்வான்.

ஏறக்குறைய ஒரு மாதம் சென்ற பின் ஒரு மாலை, மிஷினுக்கு அடியிலிருந்து அவன் சொன்னான்: "வாப்பா, மெதுவா மிதிங்க. கேப்டன் காக்கா வந்திருக்காஹ."

யார் அந்தக் கேப்டன் காக்கா? அவர் ஒரு கப்பலின் தலைவர். அந்தக் கப்பல் வேறெதுவுமில்லை, என் மிஷின்தான். நான் மிதிக்கும் பலகை அதன் இயந்திரம். பெரிய சக்கரம் அதன் சுக்கான். மழை பெய்தால் அது தானாக மிதந்து, தெருவைக் கடந்து, கடற்கரைப் பக்கம் போய்விடும். கேப்டன் காக்காவுக்கு வெள்ளைத் தாடி உண்டு, நீந்தத் தெரியாது. கப்பலை விட்டு இறங்குவதே இல்லை என்பதால் அவருக்கு நீச்சல் தேவைப்படவில்லையாம்.

அன்று முதல் ஒரு பட்டியல் தொடங்கிற்று. கப்பலில் யார் யாருக்கு இடம் என்பதே அது. முதலில் உம்மம்மா, அவருக்கு முட்டுவலி என்பதால் சன்னலோர இருக்கை. பிறகு உம்மா. பிறகு மூலை வீட்டுப் பூனையும் அதன் மூன்று குட்டிகளும். பள்ளிவாசல் மோதினார். மீன் கொண்டு வருபவர். துணி தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம், "உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்பான். தெரியாது என்றால் உடனே ஓர் இடம். நாளொன்றுக்கு ஒரு பெயராகப் பட்டியல் வளர்ந்தது. அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிவந்தேன். நாற்பத்து மூன்று பெயர்கள் ஆனபோது, அதில் என் பெயர் இல்லை என்பது என் கண்ணில் பட்டது.

"வாப்பாவுக்கு இடமில்லையா?" என்று கேட்டேன்.

அவன் என்னை வியப்போடு பார்த்தான். "நீங்க மிஷினை மிதிக்கணும்ல? நீங்க மிதிச்சாத்தானே கப்பல் ஓடும்?"

வாசகர்களே, அச்சொல்லைக் கேட்டபின் நான் சற்று நேரம் ஊசியில் நூல் கோக்க இயலாமல் அமர்ந்திருந்தேன். ஐந்து வயதுச் சிறுவனுக்கு வெள்ளத்தைப் பற்றிப் பேசும் மொழி இல்லை. 'மீண்டும் தண்ணீர் வந்தால் எங்களையெல்லாம் யார் காப்பாற்றுவது?' என்று கேட்க அவனால் இயலவில்லை. அதனால் ஒரு கப்பலைக் கட்டினான். அக்கேள்வியை அக்கப்பலில் ஏற்றி என் காலடிக்கு அனுப்பினான். விடையும் அவனே கண்டிருந்தான். வேண்டியதெல்லாம், நான் மிதித்துக்கொண்டே இருப்பேன் என்ற உறுதி மட்டும். இரவில் படிகளை எண்ணச் சொல்லும் வழக்கம் பட்டியல் வளர வளரக் குறைந்து, அடுத்த கோடைக்குள் நின்றுவிட்டது.

ஆயினும் பெரியவர்களின் உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. என் மாமி முதலில் கலங்கினார். "மாப்பிள்ளை, புள்ளை இல்லாத ஆளோட பேசுறான். ஓதிப் பார்க்க வேணாமா?" என்றார். ஓதி துஆ செய்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மைதான். அதோடு அவனுடன் கொஞ்சநேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லி, மிஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். தமக்குச் சன்னலோர இருக்கை ஒதுக்கப்பட்டிருப்பதை அன்றுதான் அவர் அறிந்தார். அதற்குப் பின், "என் கப்பல் வந்தாச்சா?" என்று இரவுதோறும் விசாரிக்கும் முதற்பயணி அவரே.

அடுத்தது பள்ளிக்கூடம். 2024-ஆம் ஆண்டு அவன் முதல் வகுப்பில் சேர்ந்தபோது, வெள்ளத்தில் தங்கள் வீட்டில் நடந்ததைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமென்று ஆசிரியை கேட்டிருக்கிறார். இவன் எழுந்து, எங்கள் வீட்டுக்கு ஒரு கப்பல் வந்து உம்மம்மாவை ஏற்றிக்கொண்டு போயிற்று என்று சொல்லிவிட்டான். வகுப்பு சிரித்தது. 'பொய்யன்' என்ற பட்டமும் கிடைத்தது. பிள்ளை பொய் சொல்கிறான், கண்டித்து வையுங்கள் என்று வீட்டுக்குச் செய்தி வந்தது. உறவினர் ஒருவர், "முளையிலேயே கிள்ளணும். பிரம்பை எடு" என்றார். இரண்டு நாட்கள் என் மகன் மிஷினடிக்கு வரவில்லை. பட்டன் டப்பாவையும் தொடவில்லை.

உண்மை பேசுதல் நம் மார்க்கத்தின் உயிர்நாடி. அதில் விட்டுக்கொடுக்க எந்தத் தகப்பனும் துணியான். ஆனால் கற்பனையும் பொய்யும் ஒன்றா என்பதே என் முன் நின்ற கேள்வி. அப்போது என் நினைவுக்கு வந்தது அபூதாவூது நூலில் பதிவாகியிருக்கும் ஒரு நிகழ்ச்சி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணித் துண்டுகளால் ஆன இரண்டு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குதிரைக்கும் சிறகா என்று வினவினார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். அதைக் கேட்டு நாயகம் அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். துணித்துண்டுச் சிறகுகளைக் கண்டு அந்த மாமனிதர் சினக்கவில்லை, கேள்வி கேட்டார்கள், விடையைச் செவிமடுத்தார்கள், மகிழ்ந்தார்கள். துணித் துண்டுகளோடு நாளெல்லாம் வாழ்கிற எனக்கு இதைவிட வேறென்ன வழிகாட்டல் வேண்டும்?

அறிவியலும் இங்கே துணை நிற்கிறது. பால் ஹாரிஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகளிடம் காலிப் பெட்டிகளைக் காட்டி, ஒன்றினுள் ஒரு பூதம் இருப்பதாகப் பாவிக்கச் சொன்னார்கள். அது உண்மையல்ல, பாவனைதான் என்று குழந்தைகள் தெளிவாகவே சொன்னார்கள். ஆனாலும் ஆய்வாளர் வெளியே போக எழுந்தபோது, சிறியவர்களில் சிலர் அவரைப் போகவிட விரும்பவில்லை! குழந்தைக்கு வேறுபாடு தெரியும். ஆனால் அந்த வேலி தாழ்வானது. ஆசையோ அச்சமோ மிகும்போது தாண்டிவிடும். பெற்றோர் செய்ய வேண்டியது கற்பனையை இடிப்பதல்ல. வேலியைக் காட்டிக் கொடுப்பதே.

எனவே மூன்றாம் நாள் அவனை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "கப்பல் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது கப்பலில் நடந்ததா, வீட்டில் நடந்ததா என்று தெரிய வேண்டும். கப்பலில் நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நீ எதை வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டில் நடந்தது என்றால், நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "உம்மம்மாவைத் தூக்கிட்டுப் போனது நீங்க. அது வீட்டில. சன்னல் சீட் கப்பல்ல" என்றான். எவ்வளவு துல்லியமான கணக்கு! மறுநாள் ஆசிரியையைச் சந்தித்து, வெள்ளத்துக்குப் பின் இவன் உறக்கமின்றி இருந்ததையும் கப்பலின் வரலாற்றையும் மரியாதையோடு எடுத்துரைத்தேன். அவரும் பிள்ளை பெற்றவர், கேட்டுக்கொண்டார். சில நாட்களில் வகுப்பில் கதை சொல்லும் நேரத்தில் அவனையே எழுப்பி, "கப்பலில் நடந்ததைச் சொல்" என்றாராம். பட்டம் தானாக உதிர்ந்தது.

'இதெல்லாம் சரி, கற்பனையையே கேடயமாக்கிப் பிள்ளை தப்பித்துக்கொண்டால்?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அதுவும் நடந்தது.

2025-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. தையற்கடையில் அந்த நேரத்தின் நெருக்கடி எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்மணி ஒருவர் தம் மகளின் கவுனுக்காகக் கொடுத்திருந்த பச்சைப் பட்டுத் துணியை விரித்தேன். அதன் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. குனிந்து பார்த்தேன். மிஷினடியில் ஓர் ஈர்க்குச்சியில் அழகிய பச்சைப் பாய்மரம் பறந்துகொண்டிருந்தது. காகிதம் வெட்ட அவனுக்கென்று வைத்திருந்த முனை மழுங்கிய கத்தரி பக்கத்தில் கிடந்தது.

"யார் வெட்டியது?"

"கேப்டன் காக்கா."

"கப்பலிலா, வீட்டிலா?"

அவன் விடை சொல்லவில்லை. நான் காஜா எடுக்கும் வேலையைத் தொடர்ந்தேன். சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பின் கீழிருந்து மெல்லிய குரல் வந்தது: "வீட்டில. நான்தான்."

உண்மையைச் சொன்னதற்காக அவனை அணைத்துக்கொண்டேன். ஆயினும் காரியம் அதோடு முடியவில்லை. துணிக்குரியவர் அன்று மாலையே வந்துவிட்டார். மகன் மிஷினடியில் மூச்சடக்கி அமர்ந்திருந்தான். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை நான் உணர்ந்தேன். தையற்காரனின் 'நாளைக்கு' என்னும் சொல்லை ஊரே கேலி பேசும். அப்படிப்பட்ட தொழிலில் அமர்ந்திருப்பவன் என்ன சொல்லப்போகிறான்? "லாத்தா, என் மகன் கையால் இத்துணி வெட்டுப்பட்டுவிட்டது. பொறுப்பு என்னுடையது. இதே துணி கிடைத்தால் வாங்கித் தைக்கிறேன். கிடைக்காவிட்டால் வேறு துணி வைத்து, கூலியின்றி முடித்துத் தருகிறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "பெருநாளைக்கு மூணு நாள்தானே இருக்கு?" என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. அதே பச்சை திருச்செந்தூர்க் கடைகளிலும் கிடைக்கவில்லை. மார்புப் பகுதிக்குப் பொன்னிறத் துணி சேர்த்து, இரவு விழித்துத் தைத்து, பெருநாளுக்கு முந்தின நாள் கொடுத்தேன். அச்சிறுமிக்கு அது பிடித்திருந்ததாகப் பின்னர் அறிந்தேன். துணிக்கும் கூலிக்கும் ஆன இழப்பு சிறிதன்று.

அன்றிரவு மகன் கேட்டான்: "வாப்பா, எலி கடிச்சிட்டுன்னு சொல்லியிருக்கலாமே?"

"அந்த எலி எங்கே இருக்கிறது?"

அவன் சிரித்துவிட்டான். "கப்பல்ல."

"கப்பல் எலியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நம் குற்றத்தை அதன் தலையில் கட்டினால் அதற்குப் பெயர்தான் பொய்" என்றேன். பொய்க்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியாது. கற்பனை யாரையும் ஏமாற்றுவதில்லை. சேர்ந்து விளையாட அழைக்கிறது. பொய் ஏமாற்றுவதற்கென்றே பிறக்கிறது. என் மகன் அன்று கண்டது அறிவுரையை அல்ல. பச்சைத் துணிக்கு வாப்பா கொடுத்த விலையை.

அருமைப் பெற்றோர்களே! உண்மையில் பிள்ளைகளுக்குப் பொய்யைப் பழக்குவது எது? 'சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி பிடித்துப் போவான்' என்கிறோம். 'டாக்டர் ஊசி போடவே மாட்டார்' என்று சொல்லி அழைத்துப் போகிறோம். கடன்காரர் வந்தால் 'வாப்பா வீட்டில் இல்லை' என்று பிள்ளை வாயாலேயே சொல்ல வைக்கும் வீடுகளும் உண்டு. ஒரு தாய் தன் சிறு மகனை, 'வா, ஒன்று தருகிறேன்' என்று அழைத்தபோது, என்ன தரப்போகிறாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் தருவதாக அவர் சொன்னார். எதுவும் தராமல் இருந்திருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் அவர்கள் எச்சரித்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளதுதான். சிறகுக் குதிரைக்குச் சிரித்த அதே பெருந்தகை, பெரியவர்கள் குழந்தைக்குச் சொல்லும் வெற்று வாக்குறுதியைச் சிரித்து விட்டுவிடவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

உண்மையை எந்தக் கதை வளர்க்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். காங் லீ, விக்டோரியா தல்வார் முதலியோர் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி ஒரு பொம்மையோடு தனியே விட்டார்கள். பின்னர் ஒரு கதை சொல்லி, திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட மரப்பொம்மையின் கதையும், 'ஓநாய், ஓநாய்' என்று கூவி ஏமாற்றிய இடையனின் கதையும் பயன் தரவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதை கேட்டவர்களே அதிகமாக உண்மை சொன்னார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த வாஷிங்டன் கதையே 1806-ஆம் ஆண்டுப் பதிப்பொன்றில் ஒரு நூலாசிரியர் கட்டிச் சேர்த்தது என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. நடவாத கதையொன்று நடந்ததைச் சொல்லத் தூண்டுகிறது!

நமக்கு அத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. சிறுவர் அப்துல் காதிர் ஜீலானியின் சட்டைக்குள் அவர் தாயார் நாற்பது பொற்காசுகளை வைத்துத் தைத்து அனுப்பியதும், கள்வர்களிடம் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னதும், அதனால் கள்வர் தலைவன் மனம் மாறியதும் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகின்றன. தண்டனையைக் காட்டி மிரட்டாமல், உண்மையின் மேன்மையைக் காட்டி ஈர்க்கும் கதை அது. என் மகன் இதைக் கேட்கும்போதெல்லாம், காசுகளை எந்தத் தையல் போட்டுத் தைத்தார்கள் என்று விசாரிப்பான். தையற்காரன் பிள்ளையல்லவா!

அவனுக்கு இப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கால்கள் நீண்டுவிட்டதால் மிஷினடியில் முன்போல் அடங்குவதில்லை. கேப்டன் காக்காவின் வரவும் குறைந்துவிட்டது. வானம் கறுக்கும் நாட்களில் மட்டும் எட்டிப் பார்க்கிறார். மழையைக் கண்டு ஓடிய பையன், வாசலில் நின்று காகிதக் கப்பல் விடுகிறான். இத்தகைய தோழர்கள் தங்கள் பணி முடிந்ததும் சொல்லாமலே விடைபெற்றுக்கொள்வார்கள். அளவு நோட்டில் உள்ள அந்தப் பட்டியலை மட்டும் நான் கிழிக்கவில்லை. நோட்டு நிறைந்தபோது அப்பக்கங்களைப் புது நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று மாலை ஏதேனும் ஒரு கப்பலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கைவேலையைச் சற்றே நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். அது கப்பலில் நடந்ததா, வீட்டில் நடந்ததா என்று அன்போடு கேளுங்கள். யார் யாருக்கு இடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அந்த விடையில் பிள்ளையின் அச்சமும் அன்பும் இருக்கும். நம்மிடம் அவர்கள் எதிர்பார்க்கும் வேலை என்ன என்பதும் அதிலேயே இருக்கும். வல்ல இறைவன் நம் மக்களை உண்மையாளர்களாகவும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையுடையவர்களாக நம்மையும் ஆக்கியருள்வானாக!